எர்மினா உரானியின் கம்பெனிகள்

எர்மினா அக்கா அப்போது இருநூற்றுப் பதினாலு கம்பெனிகளுக்கு டைரக்டர். காலை ஏழரைக்கு மக்சீம் துகாஸின் அலுவலகத்தைத் திறந்து, தரையைத் துடைத்து, குப்பைக்கூடைகளைக் கொட்டி, எட்டரைக்கு எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுப்பதும் அவள்தான். டீ போடுவதற்குச் சம்பளம். டைரக்டராக இருப்பதற்கு மாதம் ஐந்நூறு ரூபாய் தனியாக, உறையில் போட்டு.

துகாஸின் தொழில் கம்பெனி செய்து விற்பது. எங்கோ இருக்கிற ஒருவனுக்கு எங்கள் தீவில் ஒரு கம்பெனி தேவைப்படும். அதற்கு ஒரு பெயர் வேண்டும், முகவரி வேண்டும், டைரக்டர் என்று ஓர் ஆள் வேண்டும். பெயரை துகாஸ் யோசிப்பான். முகவரி அவன் அலுவலகம். ஆள் எர்மினா அக்கா. அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால் டீத்தட்டை வைத்துவிட்டுத் திரும்பியவளைக் கூப்பிட்டு, இங்கே ஒரு கையெழுத்துப் போடு என்றிருக்கிறான். போட்டாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கட்டுக் காகிதம் வரும். படித்துப் பார்த்ததில்லை. "அவர் என்ன, என் வீட்டையா எழுதி வாங்கிடப் போறாரு" என்று ஒரு தடவை என்னிடம் சிரித்திருக்கிறாள்.

எனக்கு அப்போது வேலை தலைநகர் விக்டோரியாவில், துகாஸின் தெருவிலேயே எதிர்ச்சாரியில், வரி அலுவலகத்தில். வெளிநாட்டு வரிக்காரர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் தயார் செய்கிற அறையில் நாங்கள் மூன்று பேர். எங்கள் ஊரான பெல் ஓம்ப்ரிலிருந்து அக்காவும் நானும் ஒரே பஸ். இருபது நிமிடப் பயணத்தில் அவள் பேசுவதெல்லாம் அவள் புருஷன் கோந்த்ரானைப் பற்றித்தான்.

கோந்த்ரான் முப்பது வருடம் கடலுக்குப் போனவர். ஒரு நாள் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது வாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. உயிர் தப்பினார். ஆனால் பேச்சு குழறியது, விழுங்குவது சிரமமானது. தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கிக் கரண்டியால்தான் கொடுக்க வேண்டும். அதற்காக அரசாங்கச் செலவில் ஜோசியான் என்ற பெண் பகலில் வந்து பார்த்துக்கொண்டாள். அவள் வந்ததால்தான் அக்கா வேலைக்கு வர முடிந்தது.

அந்த வருடம் அரசாங்கம் கழுத்துவரை கடனில் இருந்தது. கடன் கொடுத்தவர்கள் வந்து உட்கார்ந்து கணக்குக் கேட்டார்கள். வரிச்சட்டத்தைத் திருத்தினார்கள். அதோடு, வசதியுள்ளவர்கள் யாரும் உதவித்தொகை வாங்கக் கூடாது என்று ஓர் உத்தரவு வந்தது. கம்பெனிகளில் பங்கோ பதவியோ உள்ளவர்களின் பட்டியலையும் உதவி வாங்குகிறவர்களின் பட்டியலையும் ஒப்பிட்டு, இரண்டிலும் இருக்கிற பெயர்களைத் தரச் சொன்னார்கள்.

ஒப்பிட்டது நான்தான். அறுபத்தொரு பெயர் வந்தது. அதில் ஒன்று, எர்மினா உரானி, பெல் ஓம்ப்ர். எதிரே கம்பெனிகளின் எண்ணிக்கை, இருநூற்றுப் பதினாலு. அவள் யார் என்று எனக்குத் தெரியும். அன்று காலைகூட அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தேன். ஒரு துண்டுச் சீட்டில், இந்த அம்மாள் அங்கே டீ போடுகிறவள் என்று எழுதிச் சேர்த்திருக்கலாம். பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. மேலதிகாரி மூன்று மணிக்குள் கேட்டிருந்தார். கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஜோசியான் வரவில்லை.

அக்கா உதவி அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. உனக்கு அந்தக் கம்பெனிகளில் எந்தப் பலனும் இல்லை, நீ வெறும் பெயருக்குத்தான் என்று உன் முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கி வா, மறுபடி பார்க்கிறோம் என்றார்கள். ஒரே ஒரு கடிதம். மறுநாள் டீயோடு போய் துகாஸிடம் கேட்டாள். அவன் சொன்னதை அன்று மாலை பஸ்ஸில் அவனைப் போலவே சொல்லிக் காட்டினாள்.

"எர்மினா, நீ இருநூத்திப் பதினாலு கம்பெனிக்கு டைரக்டர். நான் வெறும் ஏஜென்ட். டைரக்டருக்கு ஏஜென்ட் எப்படிம்மா சர்ட்டிபிகேட் குடுக்கறது?"

அவன் செயலாளப் பெண் சிரித்திருக்கிறாள். அக்கா நகராமல் நின்றதைப் பார்த்துவிட்டு, அவனும் சிரிப்பை நிறுத்தியிருக்கிறான். அந்தக் கடிதத்தை எழுதினால் கடையையே மூட வேண்டியிருக்கும் என்றும், மாதம் முந்நூறு ரூபாய் கூட்டித் தருகிறேன், யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல் என்றும் சொன்னான். முந்நூறு ரூபாய்க்கு மாதம் முழுக்க யார் வருவார்கள்? மதியத்தில் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய் வரட்டுமா என்று கேட்டாள். வாடிக்கையாளர்கள் வருகிற நேரம், முடியாது என்றான்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, கோந்த்ரான் தாகம் தாங்காமல் தானாக எழுந்து சமையலறைக்குப் போயிருக்கிறார். குழாயில் வாய் வைத்துக் குடித்திருக்கிறார். தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. மாலையில் அக்கா வீட்டுக்குப் போனபோது குழாய் திறந்தே இருந்தது. சமையலறை முழுக்கத் தண்ணீர். அதில் அவர் குப்புறக் கிடந்தார்.

அடக்கத்துக்கு துகாஸ் மலர் வளையம் அனுப்பினான். ஒன்பதாம் நாள் டிரைவரிடம் ஒரு கட்டும் அனுப்பினான். பதினோரு புதுக் கம்பெனி, பதினோரு கையெழுத்து. வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றிலும் போட்டுக் கொடுத்தாள். மறு திங்கட்கிழமை வேலைக்கும் போனாள். இவளுக்கு என்ன நெஞ்சு, கல்லா என்று தெருவில் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் படிக்க ஆரம்பித்திருந்தாள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. புதுக் கம்பெனி எதுவும் அப்புறம் வரவில்லை, பழையவற்றின் சீட்டுகள்தான் வந்தன; அந்த வெள்ளிக்கிழமைக் கட்டைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு தாளாகப் படித்தாள். பள்ளியில் விட்ட ஆங்கிலம் போதவில்லை. மாதாகோவில் நூலகத்திலிருந்து ஒரு பழைய அகராதியை எடுத்து வந்தாள். கோடு போட்ட நோட்டில் கம்பெனிப் பெயர், தேதி, எந்த நாட்டு ஆள் என்று எழுதி வைத்தாள். கையெழுத்துப் போடாமல் விட்டிருக்கலாமே என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன்.

"போடலேன்னா வேற ஒருத்தியை வெச்சிருப்பான். எனக்கு அந்தப் பேரு வேணும் லின்சி. அவன் குடுத்த பேருதானே. அதை வெச்சுத்தான் அவனை அடிக்கணும்."

படிக்க ஆரம்பித்தபோது எப்படி அடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்கு மாதம் கழித்து அதற்கான வழி சாம்பியாவிலிருந்து கடிதமாக வந்தது.

அங்கே ஒரு செம்புச் சுரங்கம். வருடா வருடம் நட்டம் என்று எழுதி வரியே கட்டாமல் இருந்தது. தோண்டிய செம்பை எல்லாம் எங்கள் தீவில் உள்ள ஒரு கம்பெனிக்கு அடிமாட்டு விலைக்கு விற்றதாகக் காட்டியிருந்தார்கள். அந்தக் கம்பெனி அதே செம்பை உலக விலைக்கு வேறு இடத்தில் விற்றது. லாபம் எல்லாம் வரி இல்லாத எங்கள் தீவில் நின்றது. அந்தக் கம்பெனியின் கணக்குகள் வேண்டும் என்று சாம்பியாவின் வரி அலுவலகம் இரு நாட்டு ஒப்பந்தப்படி கேட்டிருந்தது. டைரக்டர் எர்மினா உரானி.

இப்படிக் கடிதம் வந்தால் அறிவிப்பை ஏஜென்டின் முகவரிக்கு அனுப்புவதுதான் வழக்கம். ஏஜென்ட், எங்களிடம் ஆவணம் ஏதும் இல்லை என்று ஒரு வரியில் பதில் போடுவார். நாங்கள் அதை அப்படியே அங்கே அனுப்புவோம். அந்த வருடம் திருத்திய சட்டத்திலோ, அறிவிப்பு டைரக்டரின் கையில் சேர வேண்டும், பதினான்கு நாளில் ஆவணங்களை அவர் தர வேண்டும் என்று இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் அவள் வீட்டு முகவரியைத் தட்டச்சு செய்தேன். மேலதிகாரி நிமிராமலே கையெழுத்திட்டார். தபாலில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா கடிதத்தை மூன்று தடவை படித்தாள். பஸ் கடற்கரையைத் தாண்டியதும் ஒரு வரியை என்னிடம் காட்டினாள்.

"இதுல டைரக்டர்னு போட்டிருக்கே, அது நானா?"

"நீங்கதான்."

"அப்போ துகாஸ் யாரு?"

"உங்க ஏஜென்ட். கம்பெனி தன் வேலையைப் பார்க்கறதுக்காக வெச்சிருக்கிற ஆள். ஃபைல் எல்லாம் உங்களோடது, அவர் பத்திரமா வெச்சிருக்கார், அவ்வளவுதான்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். இறங்கும்வரை அதையே வேறு வேறு விதமாகக் கேட்டாள். நான் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? எல்லாக் கம்பெனிக்கும் அப்படித்தானா? கொடுக்காவிட்டால்? துகாஸின் லைசென்ஸ் போகும் என்றேன். சட்டம் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் டைரக்டர் என்ற முறையில் உங்கள் மேலும் வழக்கு வரும் அக்கா என்பதையும் சொன்னேன். அதைக் காதில் வாங்கினாளா என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் எட்டரைக்கு அவள் டீ போடவில்லை. மாதாகோவிலுக்குப் போடுகிற நீல உடுப்பில் துகாஸின் அறைக்குள் போய், அறிவிப்பின் நகலை மேஜை மேல் வைத்து, அந்த ஃபைல் வேண்டும் என்றாள். உடுப்பைப் பார்த்து விடுப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் அவன் முதலில் நினைத்தானாம். படித்த பிறகு முகம் மாறியது. இதெல்லாம் உனக்குப் புரியாது, நான் பதில் எழுதித் தருகிறேன், கையெழுத்து மட்டும் போடு என்றான். அவள் நோட்டைத் திறந்து, அந்தக் கம்பெனி பதிவான நாளையும் அதன் கிளையன்ட் பெயரையும் வாசித்தாள். பணம் பேசினான். ஐம்பதாயிரம் வரை ஏறினான். கடைசியில் மிரட்டினான்.

"நான் விழுந்தா நீயும்தான் விழுவே. உன் கையெழுத்து எல்லாத்துலயும் இருக்கு. ஜெயிலுக்குப் போவே, தெரியுமா?"

"போறேன் மிஸ்யே துகாஸ். வீட்ல யாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இல்லை."

லைசென்ஸுக்குப் பயந்தோ என்னவோ, பன்னிரண்டாம் நாள் ஃபைல் வந்தது. கோந்த்ரானின் பழைய கூட்டாளி ஒருவரின் மீன் வண்டியில் நான்கு பெட்டிகளை ஏற்றி எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து இறக்கினாள். அதற்குள் துகாஸ் அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தான். ஆனால் டைரக்டர் பதவியிலிருந்து நீக்க முடியவில்லை. விசாரணை நடக்கும்போது டைரக்டரை அவருடைய எந்தக் கம்பெனியிலும் மாற்றக் கூடாது என்று அதே சட்டத்தில் இருந்தது.

பெட்டிகளைப் பார்க்க சாம்பியாவிலிருந்து நம்விங்கா என்ற தணிக்கை அதிகாரி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். விமானக் கட்டணத்துக்கே அவர்கள் அலுவலகத்தில் மூன்று மாதம் அலைய வேண்டியிருந்ததாம். நடுவில் நான் மொழிபெயர்த்தேன். நம்விங்கா விற்பனைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள். எல்லாவற்றின் அடியிலும் அக்காவின் வட்ட வட்டமான கையெழுத்து.

"இவ்வளவு செம்பும் நான் வாங்கினேனா?" என்றாள் அக்கா.

"ஒவ்வொரு கப்பலும் நீங்கதான் வாங்கியிருக்கீங்க."

"இந்தத் துறைமுகத்துக்கு ஒரு செம்புக் கம்பிகூட வரலையே."

"வராது. காகிதம் மட்டும்தான் வரும்."

சுரங்கத்திலிருந்து வர வேண்டிய வரி வராததால் அங்கே மக்காச்சோள மாவுக்கு வரி ஏற்றினார்கள் என்று நம்விங்கா சொன்னாள். அவள் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்களைப் பாதிப் பேராகக் குறைத்துவிட்டார்களாம். கடன்தான் காரணம். அதை நான் எங்கள் பாஷையில் சொன்னபோது, அக்கா என் முகத்தையே பார்த்தாள். அங்கேயும் யாராவது குழாயில் தண்ணீர் குடித்திருப்பார்கள் என்று மட்டும் சொன்னாள். நம்விங்காவுக்கு அது புரியவில்லை. நான் மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் திங்கட்கிழமைகள் ஆரம்பித்தன. மொத்தம் இருநூற்று இருபத்தைந்து கம்பெனிகளின் ஃபைலையும் ஒரே கடிதத்தில் கேட்டிருக்கலாம். அக்கா அப்படிச் செய்யவில்லை. திங்கட்கிழமை தோறும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பதினான்கு நாள் கெடு. காலையில் போய்க் கடிதத்தை நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக துகாஸிடமே கையெழுத்து வாங்குவாள். வந்த ஃபைலை எங்களிடம் தருவாள். எந்த நாட்டுக்குச் சேர வேண்டியதோ அந்த நாட்டுக்கு நாங்கள் அனுப்புவோம். இப்படி இழுக்காதீர்கள் அக்கா, ஒரேயடியாகக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"ஒரேயடியா குடுத்தா ஒரு நாள் வலி. கோந்த்ரான் தண்ணிக்குத் தவிச்சது ஒரு நாளா? மூணு வாரம் பகல் முழுக்கத் தவிச்சார். அவன் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நாளைக்கு எந்தக் கம்பெனின்னு யோசிச்சுக்கிட்டுப் படுக்கணும்."

அவன் அப்படித்தான் படுத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். செயலாளப் பெண்ணையும் வேறு ஐந்து பேரையும் நிறுத்தினான். அவர்களில் டிரைவர் அக்காவுக்குத் தூரத்து உறவு. அவன் மனைவி குழந்தையோடு வந்து, போதும் நிறுத்துங்கள் என்று அழுதாள். அக்கா அவளுக்கு சீமைப்பலாக்காய் பொரித்துக் கொடுத்தாள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள், நிறுத்த மாட்டேன் என்றாள்.

பத்தொன்பதாவது திங்களுக்கு முந்தின சனிக்கிழமை துகாஸே பெல் ஓம்ப்ருக்கு வந்தான். நான் அப்போது அவள் வீட்டில் இருந்தேன். மெலிந்திருந்தான். உறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். எர்மினா உரானி எங்கள் அலுவலகத்தில் டீ போடும் பணியாளர், கம்பெனிகளில் அவருக்கு எந்தப் பலனும் அதிகாரமும் இல்லை என்று அச்சிட்டிருந்தது. வக்கீல் யாரோ யோசனை சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அதிகாரமே இல்லை என்றால் அவள் ஃபைல் கேட்டதும் செல்லாது என்பது கணக்கு. தேதியை முன்தேதியாகப் போட்டிருந்தான். கோந்த்ரான் இறந்ததற்குப் பத்து நாள் முந்தைய தேதி.

"இதைக் காட்டினா நிறுத்தின உதவிப் பணம் மொத்தமும் உனக்குத் திரும்பக் கிடைக்கும்" என்றான். "நீ கேட்டது இதுதானே எர்மினா."

அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தாள். தேதியின் மேல் விரலை அழுத்தினாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். பிறகு நான்காக மடித்து உடுப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"அந்தத் தேதியில அவர் உயிரோட இருந்தார் மிஸ்யே" என்றாள். "உங்களுக்கு ஞாபகம் இருக்கு. அது போதும்."

ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை அவள் எங்கள் அலுவலகத்தில் கொடுத்த அந்தக் கடிதம்தான் அவனை முடித்தது. டைரக்டர் வெறும் பொம்மை என்று அவனே எழுதிக் கையெழுத்திட்டது அது ஒன்றில்தான். அதோடு, அதில் இருநூற்று இருபத்தைந்து கம்பெனி என்று எண்ணிக்கை இருந்தது. தேதி போட்டிருந்த நாளில் இருநூற்றுப் பதினாலுதான். மீதிப் பதினொன்று ஒன்பதாம் நாள் டிரைவர் கொண்டுவந்த கட்டு. பொய்த் தேதி என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. லைசென்ஸ் போனது. இரண்டு வருடச் சிறை. அபராதத்துக்காக அவனுடைய பெரிய வீடு ஏலத்துக்கு வந்தது. ஏல நாளன்று அக்கா போய், வாங்குகிறவள் மாதிரி எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

அவளையும் விடவில்லை. படிக்காமல் கையெழுத்திட்ட குற்றத்துக்கு அபராதம் விதித்தார்கள். மாதா மாதம் கட்டுகிறாள். மீன் சந்தையில் செதில் எடுக்கும் வேலைக்குப் போகிறாள். சாம்பியாவில் சுரங்கம் பாதி வரியைக் கட்டிவிட்டு மீதிக்கு வழக்குப் போட்டிருப்பதாக நம்விங்கா எழுதினாள்.

தீர்ப்பு வந்த வாரம், அந்த அறுபத்தொரு பெயர்ப் பட்டியலை எடுத்தது யார் என்று அக்கா என்னைக் கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். நான்தான் என்றேன். பெயரைப் பார்த்தாயா என்றாள். பார்த்தேன் என்றேன்.

"சரி. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

அவள் வீட்டு மேஜையிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அதை வைத்து அவள் புகார் செய்தாள். என்னை பிராஸ்லின் தீவின் கிளை அலுவலகத்துக்கு, வாகன வரி வாங்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். வீட்டு முகவரிக்கு அறிவிப்பைக் கொண்டுவந்தது நான்தானே, அதற்காகவாவது விட்டிருக்கலாமே என்று அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் புகாருக்குப் பிறகு, உதவியை நிறுத்துமுன் ஓர் ஆள் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

போன மாதம் எங்கள் பெரிய தீவான மாஹேவுக்குப் போனபோது படகுத்துறையில் அவளைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போவாள் என்று நினைத்தேன். நின்றாள். கையில் அதே மாதிரி கோடு போட்ட புது நோட்டு. சுகம் விசாரிக்கவில்லை.

"துகாஸ் வெளிய வந்துட்டான். மச்சினன் பேர்ல புதுசா ஒரு ஆபீஸ் திறந்திருக்கான்" என்றாள். "டைரக்டர் யாரு தெரியுமா? அவங்க வீட்டுத் தோட்டக்காரன். நேத்துதான் அந்தத் தோட்டக்காரன் வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வந்தேன்."